பிரெஞ்சு வண்டிக்குள் இங்கிலீஷ் எஞ்சின்

நான் கல்யாணமாகி முத்தியால்பேட்டைக்கு வந்த அன்று, அந்தக் காரின் பின் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டில் கார் இருக்கிறது என்று சொல்லித்தான் கடலூரில் என் அப்பாவைச் சம்மதிக்க வைத்திருந்தார்கள். ஓடுகிற கார் என்று அவர்களும் சொல்லவில்லை, ஓடுமா என்று அப்பாவும் கேட்கவில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியை விட்டுப் போய் அப்போது மூன்று வருஷம் ஆகியிருந்தது. என் மாமனார் அவர்களுடைய ஆபீஸ் ஒன்றில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் 'முசே' என்று கூப்பிட்ட பிரெஞ்சு மேலதிகாரி கப்பலேறுவதற்கு முன்னால் தன் சின்னக் காரை இவரிடம் விட்டுவிட்டுப் போயிருந்தார். யுத்தத்துக்கு முந்திய வண்டி. சாம்பல் நிறம், இரண்டே கதவு, இடது பக்கத்தில் ஸ்டீயரிங். முன்னால் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். பின்னால் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டு உட்காரலாம்.

மாமனார் அதை ஒரு வருஷம் ஆசையாக ஓட்டியிருக்கிறார். ஒருநாள் எண்ணெய் வற்றிப்போனதைக் கவனிக்காமல் ஓட்டியதில் பேரிங் உருகி, உள்ளே இருந்த கம்பி முறிந்து, எஞ்சினின் விலாவைக் குத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டது. அவர் பிரான்சுக்குக் கடிதம் எழுதினார். அந்த மாடலை நிறுத்தி வெகுநாளாகிறது என்று பதில் வந்தது. அந்தக் கடிதத்தில் மரியாதைக்குக் குறைவே இல்லை, எஞ்சின்தான் இல்லை. அதிலிருந்து வண்டி கொல்லைக் கொட்டகையில் நின்றது. கோழிக்கு வசதியாகப் போயிற்று.

வீட்டில் நாங்கள் நாலு பேர். மாமியார் நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். மாமனார், என் வீட்டுக்காரர், பள்ளிக்கூடம் முடித்துவிட்டு வீட்டிலிருந்த நாத்தனார், நான். என் வீட்டுக்காரர் நூல் மில்லின் ஒர்க்‌ஷாப்பில் கடைசல் வேலை செய்தார். வாய் ஓயாமல் பேசுகிற மனிதர். பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் ஏதாவது ஒரு எஞ்சினில் போய் முடியும். புதிதாகக் கல்யாணமானவர்கள் சாயங்காலம் கடற்கரைக்குப் போவார்கள். நான் மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு கிளம்பியபோது இவர் சைக்கிளைக் கோட்டக்குப்பம் பக்கம் திருப்பினார். அங்கே பழைய இரும்பு வியாபாரி ஒருவரின் தோட்டத்தில், திண்டிவனம் ரோட்டில் புளியமரத்தில் மோதிய ஒரு இங்கிலீஷ் கார் கிடந்தது.

"பாத்தியா, பின்பக்கமா வந்து இடிச்சிருக்கான். முன்னாடி ஒரு கீறல் இல்ல" என்றார்.

"காரை ரிவர்ஸுல ஓட்டிட்டு வந்து மரத்துல இடிச்சானா?" என்று கேட்டேன்.

"வழுக்கிச் சுத்திட்டுப் போயிருக்கு. அத விடு. எஞ்சினைப் பாரு, எஞ்சினை!"

பார்த்தேன். புழுதி படிந்த இரும்பு. அதைப் பார்த்து இவர் முகத்தில் வந்த சிரிப்பு, பெண் பார்க்க வந்த அன்றுகூட வரவில்லை.

அந்த வியாபாரியின் வயலில் தண்ணீர் இறைக்கும் ஆயில் எஞ்சின் பல மாதமாகப் படுத்துவிட்டிருந்தது. இவர் நாலு ஞாயிற்றுக்கிழமை போய் அதை ஓட வைத்துக் கொடுத்தார். அதற்குப் பதிலாக, ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமை இங்கிலீஷ் எஞ்சின் வைக்கோல் மேல் படுத்துக்கொண்டு மாட்டு வண்டியில் எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தது.

மாமனார் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வெளியே வந்தார்.

"என்னாடா இது?"

"எஞ்சின்பா. நம்ம வண்டிக்கு."

"எந்த ஊரு எஞ்சின்?"

"இங்கிலீஷ்."

மாமனார் கொஞ்ச நேரம் மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க முசே குடுத்துட்டுப் போன வண்டிடா அது. அதுக்குள்ள இங்கிலீஷ்காரன் எஞ்சினை வைக்கிறதா இருந்தா வச்சுக்கோ. நான் அதுல கால வைக்க மாட்டேன். நோன்!" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அவர் 'நோன்' என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சு கிடையாது என்று நாத்தனார் என் காதில் சொன்னாள்.

எனக்கு முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. போகப் போகத்தான் புரிந்தது. முப்பது வருஷம் பிரெஞ்சில் எழுதிப் பேர் வாங்கிய மனிதர். இப்போது அவருடைய பென்ஷன் காகிதங்கள் இங்கிலீஷில் வந்தன. ஆபீஸுக்குப் போனால் மெட்ராஸிலிருந்து வந்த சின்னப் பையன்கள் இங்கிலீஷில் கேள்வி கேட்டார்கள். வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டுவார். அந்த வண்டி ஒன்றுதான் பழைய மாதிரியே இருந்தது, ஓடாவிட்டாலும்.

வேலை தொடங்கியது. சவுக்குக் கழி மூன்றைக் கூம்பாகக் கட்டி, சங்கிலி போட்டு, ஓட்டை விழுந்த பிரெஞ்சு எஞ்சினை வெளியே தூக்கினார்கள். பக்கத்து வீட்டு நெசவாளிகள் தறியை விட்டு வந்து கை கொடுத்தார்கள். கியர்பாக்ஸைக் கழற்றவில்லை. அது பின் சக்கரம் வரைக்கும் போகிற சமாசாரம், அதை மாற்றினால் வண்டியையே மாற்ற வேண்டும். ஆனால் பிரெஞ்சு கியர்பாக்ஸின் போல்ட் துளைகளும் இங்கிலீஷ் எஞ்சினின் போல்ட் துளைகளும் ஒன்றுக்கொன்று முகம் கொடுக்கவில்லை. நடுவில் ஒரு கனமான இரும்புத் தகடு வைத்து, அதில் இரண்டு பேருக்கும் தனித்தனியாகத் துளை போட்டு இணைக்க வேண்டும்.

இவர் நியூஸ் பேப்பரை எஞ்சின் முகத்தில் அழுத்தி, எண்ணெய்க் கையால் தேய்த்துத் துளைகளின் அச்சை எடுத்தார். அதை வைத்து மில்லில் தகடு செய்துகொண்டு வந்தார். மாட்டினார். கியர்பாக்ஸ் தண்டு எஞ்சினுக்குள் நுழைந்தது, ஆனால் சுற்றவில்லை. ஒரு நூல் அளவு தள்ளி இருந்தது. கழற்றி மறுபடி மாட்டினார். அப்போதும் அப்படித்தான். பேசாமல் கொல்லையில் உட்கார்ந்துவிட்டார். இவர் பேசாமல் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நான் கடலூரில் முறையாகத் தையல் படித்தவள். அந்தப் பேப்பரை எடுத்துப் பார்த்தேன். எண்ணெய் ஊறி, ஓரமெல்லாம் அலை அலையாக இருந்தது.

"ஏங்க, ஈரத் துணிய அளந்து வெட்டலாமா?"

"என்னாத்துக்குக் கேக்கற?"

"வெட்டக்கூடாது. காஞ்சா அளவு மாறிடும். இது எண்ணெய் குடிச்சு விரிஞ்சு கெடக்குது. இத வச்சு அளவெடுத்தா எப்படிச் சரியா வரும்?"

இவர் பேப்பரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார், எண்ணெய்க் கையாலேயே.

நான் பழைய காலண்டர் அட்டை ஒன்றை எடுத்து, எஞ்சின் முகத்தைத் துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, தையல் சாக்பீஸால் அச்சு எடுத்தேன். ரவிக்கைக்குக் கழுத்து வெட்டுவதை விட இது சுலபம், எஞ்சின் மூச்சு விடாது. அந்த அட்டையை வைத்துச் செய்த இரண்டாவது தகடு சட்டென்று உட்கார்ந்தது. தண்டைக் கையால் சுற்றினார், வெண்ணெயாகச் சுற்றியது. அன்றிலிருந்து கொல்லை வேலையில் நான் பாதி ஆளாகிவிட்டேன்.

எஞ்சின் உள்ளே போய் உட்கார்ந்ததோடு விட்டிருக்கலாம். இவருக்கு மனசு ஆறவில்லை. "இவ்ளோ பாடுபட்டு மாத்தறோம். இன்னும் கொஞ்சம் தெம்பு ஏத்திட்டா என்ன?" என்றார். எஞ்சினின் தலைப்பாகத்தைக் கழற்றி, மில்லில் மேஸ்திரியிடம் அனுமதி கேட்டு, அடிப்பக்கத்தைக் கொஞ்சம் சீவிக்கொண்டு வந்தார். சீவினால் உள்ளே இடம் குறையும், பெட்ரோலும் காற்றும் இன்னும் நெருக்கமாக நசுங்கி, வெடிக்கிறபோது உதை கூடுதலாக இருக்கும் என்று எனக்கு விளக்கினார். எங்கேயோ தேடி, பெரிய கார் ஒன்றின் கார்புரேட்டரையும் கொண்டுவந்தார். காற்று போகிற பாதையை வழவழப்பாக்குவது என் வேலை. குச்சியில் உப்புத்தாளைச் சுற்றி, உலை கொதிக்கிற நேரத்தில், குழம்பு கொதிக்கிற நேரத்தில் என்று ஒரு மாதம் தேய்த்தேன். வால்வுகளையும் நான்தான் தேய்த்துப் படிய வைத்தேன். மேலே மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தோம். ஒரு சொட்டுகூட அடியில் கசியவில்லை. நாத்தனார் வந்து பார்த்துவிட்டு, "அண்ணி, இந்தப் பளபளப்பு நம்ம குத்துவெளக்குல இல்ல" என்றாள். உண்மைதான்.

முதல் தடவை கிளப்பியபோது கோழிகள் எல்லாம் கூரைக்குப் போய்விட்டன. நெசவாளர் தெரு முழுக்க வந்து நின்றது. மாமனாரின் அறை ஜன்னல் மட்டும் படாரென்று சாத்திக்கொண்டது.

ஆனால் தெருவில் ஓட்டிப் பார்த்தால், கொஞ்சம் வேகம் பிடித்ததும் உள்ளே வாணலியில் கடலை பொரிகிற மாதிரி சத்தம். தலையை அளவுக்கு மேல் சீவிவிட்டாராம். நம் ஊர் பெட்ரோல் அந்த நெருக்கத்தைத் தாங்காதாம். சீவியதை ஒட்ட வைக்க முடியுமா? மறுபடியும் என் கத்தரிக்கோலுக்கு வேலை வந்தது. பாத்திரக் கடையிலிருந்து மெல்லிய செப்புத் தகடு வாங்கி, அட்டையில் அளவெடுத்து, தலைக்கும் உடம்புக்கும் நடுவில் வைக்க ஒரு கூடுதல் கேஸ்கட் வெட்டினேன். அதை அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் செம்பு மிருதுவாகும். அன்று எங்கள் வீட்டுச் சாம்பார் ஒரு மணி நேரம் தாமதம். கடலை பொரிகிற சத்தம் போய்விட்டது. உதை மட்டும் மிச்சம் இருந்தது.

ஓட்டக் கற்றுக்கொண்டதும் இப்படித்தான். எஞ்சின் ஓடும்போது இவர் மட்கார்டில் தொற்றிக்கொண்டு காது கொடுத்துக் கேட்க வேண்டும், யாராவது ஸ்டீயரிங்கைப் பிடிக்க வேண்டும். வேறு யார் இருக்கிறார்கள்? ஊசுட்டேரிக்குப் போகிற ரோட்டில் ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் நான் ஓட்டுவேன், இவர் வெளியே தொங்கிக்கொண்டு "இன்னும் அழுத்து! விடு! அழுத்து!" என்று கத்துவார். எதிரில் வந்தவர்கள் என்ன நினைத்தார்களோ. எஞ்சினுக்குத்தான் தெம்பு ஏறியதே தவிர, பிரேக் அந்தக் காலத்துக் கம்பி பிரேக். ஒருநாள் குருசுக்குப்பத்தில் நிறுத்த நினைத்த இடத்தைத் தாண்டி, கடற்கரை மணலில் காய்ந்துகொண்டிருந்த வலைக்குவியல் மேல் போய் நின்றேன். வலைக்காரர் நிதானமாகச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "கடல் வரைக்கும் போவாம நின்னியே, அதுவே பெருசு" என்றார். அதற்கப்புறம் இவர் பிரேக் கட்டைகளை மாற்றினார். ஓரளவுக்குத்தான் சரியானது.

இத்தனைக்கும் மாமனார் வண்டிப் பக்கம் திரும்பவே இல்லை. கொல்லைக்கு வந்தால்கூடச் சுற்றிக்கொண்டு போவார். மழையில் நனைந்தபடி பென்ஷன் ஆபீஸுக்கு நடந்து போவார். "மாமா, கொண்டுபோய் விடட்டுமா?" என்று ஒரு தடவை கேட்டேன். "மெர்சி. நடக்கறது உடம்புக்கு நல்லது" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லி மறுத்தார். பேச்சில் கோபம் கிடையாது. அதுதான் கஷ்டமாக இருந்தது.

இப்படி ஏழெட்டு மாதம் போயிருக்கும். நாத்தனாருக்குத் திருச்சியில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்தது. அவள் படித்த படிப்புக்குச் சான்று, பிரெஞ்சில் இருந்த 'ப்ரவே' பத்திரம். அதை இங்கிலீஷில் பெயர்த்துக் கூடவே கொண்டுவர வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். வெளியே கொடுத்தால் தப்பு வந்துவிடும் என்று மாமனார் தானே அகராதி வைத்துக்கொண்டு பெயர்த்தார். இரண்டு வாரம் ஆயிற்று. ஒரு வார்த்தைக்கு ஒருநாள்கூட எடுத்துக்கொண்டார். கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, ஒரிஜினலோடு சேர்த்து ஒரு நீலத் துணி உறையில் வைத்தார்.

அன்று காலை ரயில். என் வீட்டுக்காரர் தங்கையைத் திருச்சி வரை கொண்டுபோய் விட்டுவரக் கிளம்பினார். புதுச்சேரியில் ஏறி, விழுப்புரத்தில் திருச்சி வண்டிக்கு மாற வேண்டும். மாமனார் ஸ்டேஷனுக்கு வரவில்லை. வாசலிலேயே மகள் தலையில் கை வைத்து, "ஜாக்கிரதையா இரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ஸ்டேஷனுக்கு வந்தால் அழுதுவிடுவார் என்று எல்லோருக்கும் தெரியும். நான் போய் ரயிலேற்றிவிட்டு வீடு திரும்பினேன்.

மாமனார் கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். கையில் நீல உறை.

"ஒரு வார்த்தையில சந்தேகமா இருந்துச்சும்மா" என்றார். "விடியக்காலம் பையிலேர்ந்து எடுத்துப் பாத்தேன். வச்சுட்டேன்னு நெனச்சேன். மேஜை மேலயே இருக்குது."

மறுநாள் காலையில் அதைக் காட்டாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். தந்தி அடித்தால் தந்திதான் போகும், பத்திரம் போகாது. விழுப்புரம் பஸ் கிளம்ப இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. மாமனார் தெருவுக்கு ஓடி, டாக்ஸி ஏதாவது நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்தார். நான் கொல்லைப் பக்கம் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"ஏம்மா, உன்னால விழுப்புரம் வரைக்கும் ஓட்ட முடியுமா?"

ஊசுட்டேரியைத் தாண்டி நான் ஓட்டியதே இல்லை. என்னிடம் லைசென்ஸும் கிடையாது. "ஓட்டறேன் மாமா. ஆனா எனக்கு லெஃப்ட்ல ஸ்டீயரிங். முன்னாடி வண்டி போனா எதிர்ல வர்றது எனக்குத் தெரியாது. வலப்பக்கம் உக்காந்து நீங்கதான் பாத்துச் சொல்லணும்" என்றேன்.

அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். தானே முன்னால் போய் ஹாண்டிலைப் போட்டுச் சுற்றினார். மூன்றாவது சுற்றில் பிடித்தது. ஒரு நிமிஷம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு ஏறி உட்கார்ந்து உறையை மடியில் வைத்துக்கொண்டு, "போ" என்றார்.

வில்லியனூர் வரைக்கும் அவர் சொன்னது எல்லாம் 'இரு' மட்டும்தான். வைக்கோல் வண்டி ஒன்றின் பின்னால் மாட்டிக்கொண்டோம். "எதிர்ல ஏதாவது வருதா மாமா?" "தூரத்துல ஒரு சைக்கிள் வருது. இரு." சைக்கிள் வந்து, எங்களைக் கடந்து, போய், மறைந்தது. "இப்ப?" "நாய் ஒண்ணு நிக்குது. இரு." வைக்கோல் உதிர்ந்து எங்கள் பானெட் மேல் விழுந்துகொண்டே இருந்தது. கடைசியில் வைக்கோல் வண்டிக்காரனுக்கே எங்களைப் பார்க்கப் பாவமாகி, ஓரம் கட்டிக் கையைக் காட்டினான்.

கண்டமங்கலம் ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. ஏன் மூடியிருக்கிறது என்று கேட்டேன்.

"புதுச்சேரி வண்டி வருது. லேட்டு இன்னிக்கி" என்றார் கேட் காப்பவர்.

நாங்கள் துரத்திக்கொண்டு வந்த ரயிலுக்காகவே எங்களை நிறுத்தியிருந்தார்கள். மாமனார் கீழே இறங்கி, கேட்டின் மேல் வயிற்றைச் சாய்த்துக்கொண்டு நின்றார். ரயில் புகையோடு வந்தது. அவர் நீல உறையைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டி, மகள் பெயரைச் சொல்லிக் கூவினார். ஒவ்வொரு ஜன்னலாகக் கடந்து போயிற்று. என் வீட்டுக்காரரும் நாத்தனாரும் மறுபக்கத்து ஜன்னலில் உட்கார்ந்திருந்தார்களாம். கடைசிப் பெட்டியில் நின்ற கார்டு மட்டும் மாமனாரைப் பார்த்து, ரொம்ப மரியாதையாகப் பச்சைக் கொடியை ஆட்டிவிட்டுப் போனார்.

மாமனார் திரும்பி வந்து உட்கார்ந்தபோது வேறு ஆளாகிவிட்டிருந்தார். கேட் முழுக்கத் திறப்பதற்குள், "எடும்மா வண்டியை" என்றார்.

எடுத்தேன். தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கிய பாதையில் காற்று எப்படிப் போகும் என்று அன்றைக்குத்தான் கேட்டேன். மூன்றாவது கியரில் மிதித்ததும் வண்டி முதுகில் கை வைத்துத் தள்ளியது. முன்னால் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு லாரி. எனக்கு அதன் பின்பக்கப் பலகையைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. மாமனார் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல. காலியா கெடக்குது. போ! வீத்! வீத்!"

'வீத்' என்றால் சீக்கிரம் என்று அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை. சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. லாரியைத் தாண்டினோம். அப்புறம் ஒரு பஸ். அப்புறம் வரிசையாக நாலு கரும்பு வண்டி. ஒவ்வொரு தடவையும் அவர் வெளியே எட்டிப் பார்ப்பார், தலைமுடி பறக்கும், "போ!" என்று கத்திவிட்டுத் தன் தொடையில் தானே தட்டிக்கொள்வார். மீட்டரில் ஊசி நூறுக்குப் போய் நடுங்கியது. அது மைல் இல்லை, கிலோமீட்டர் கணக்கு என்று தெரியும், இருந்தாலும் மறுபடி அந்தப் பக்கம் பார்க்காமல் ஓட்டினேன்.

வளவனூருக்கு முன்னால் ரோடும் தண்டவாளமும் கொஞ்ச தூரம் பக்கம் பக்கமாக வந்தன. ரயிலின் கடைசிப் பெட்டி தெரிந்தது, பிறகு நடுப்பெட்டி, பிறகு கரி படிந்த எஞ்சின். எங்கள் சைலன்சர் சத்தம் அதன் சத்தத்தை மீறியது. பெட்டிக்குள் என் வீட்டுக்காரர் தலையை நிமிர்த்தி, "நம்ம வண்டிச் சத்தம் மாதிரி இருக்குதே" என்றாராம். "அண்ணா, ஒனக்கு எப்பவும் அதே நெனப்பு. பேசாம தூங்கு" என்று நாத்தனார் அதட்டினாளாம். இவரும் கண்ணை மூடிக்கொண்டாராம்.

விழுப்புரம் வந்ததும் பிரேக் ஞாபகம் வந்தது. ஸ்டேஷன் கண்ணில் படுவதற்கு வெகுதூரம் முன்பே மிதிக்க ஆரம்பித்துவிட்டேன். "மாமா, ஹாண்ட் பிரேக்கை இழுங்க!" இரண்டு கையாலும் இழுத்தார். ஜட்கா வண்டிக் குதிரை ஒன்றின் மூக்குக்கு முன்னால் நின்றோம். குதிரை கொஞ்சம் பின்வாங்கியது, அவ்வளவுதான்.

பிளாட்பாரத்துக்கு நாங்கள் ஓடி, மூச்சு வாங்கி நின்று, மாமனார் ஒரு சோடா குடித்து முடித்த பிறகுதான் புதுச்சேரி ரயில் உள்ளே வந்தது. இவர்கள் பெட்டியிலிருந்து இறங்கினார்கள். எதிரில் நாங்கள் நின்றோம். நாத்தனார் நீல உறையைப் பார்த்துவிட்டுத் தன் பையைத் திறந்து தேடினாள். என் வீட்டுக்காரருக்கு வேறு கவலை.

"எஞ்சின் சூடாச்சா?" என்று கேட்டார்.

"சூடு கெடக்கட்டும். மொதல்ல பிரேக்கைக் கவனி" என்றார் மாமனார். உறையை மகளிடம் கொடுத்தார். "பாத்துக்கோம்மா. அந்த வார்த்தை சரியாத்தான் இருந்துச்சு."

திருச்சி வண்டி வர அரை மணி நேரம் ஆயிற்று. அந்த அரை மணி நேரமும் அவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஸ்டேஷனுக்கு வந்தால் அழுதுவிடுவார் என்று நினைத்தோமே, அழத்தான் செய்தார். ஆனால் வாசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனவருக்கு, ரயில் வளைவில் மறைகிற வரைக்கும் நின்று கையாட்டக் கிடைத்தது.

திரும்பி வரும்போதுதான் எஞ்சின் சூடாயிற்று. வளவனூரைத் தாண்டியதும் ரேடியேட்டர் குமுறியது. பிறகு 'புஸ்' என்று ஒரு சத்தம். நான் வெட்டிய செப்புக் கேஸ்கட் ஓரத்தில் ஊதிக்கொண்டுவிட்டது. ஒரு கமலைக் கிணற்றடியில் வண்டியைத் தள்ளி நிறுத்தினோம். அங்கே வேர்க்கடலை ஆய்ந்துகொண்டிருந்த பெண்கள் எங்களுக்கு ஆளுக்கு ஒரு மடி பச்சைக் கடலை கொடுத்துவிட்டு, காரை ஓட்டிவந்தது அவரில்லை, நான்தான் என்பதை நம்ப முடியாமல் இரண்டு தடவை கேட்டார்கள். மாமனார் கிணற்று மேட்டில் உட்கார்ந்து கடலையை உரித்தபடி, "முசே இந்த வண்டியில அம்பதுக்கு மேல போனதே இல்லம்மா. பயந்த சுபாவம்" என்றார். தன் மேலதிகாரியைப் பற்றி ஒரு குறை மாமனார் சொல்லி நான் கேட்டது அன்றுதான். கண்டமங்கலம் வரைக்கும் ஒரு ஜோடி மாடு எங்களை இழுத்துக்கொண்டு வந்தது. பானெட் இடுக்கில் மிச்சமிருந்த வைக்கோலை அந்த மாடுகள் முதலில் தின்றுவிட்டுத்தான் கிளம்பின.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. என் வீட்டுக்காரர் புது கேஸ்கட் போட்டார், பெரிய ரேடியேட்டர் வைத்தார், மாமனார் சொன்னதற்காகவே பிரேக்கை முழுசாக மாற்றினார். வண்டியின் பத்திரத்தில் எஞ்சின் நம்பர் பழைய பிரெஞ்சு நம்பராகவே இருந்தது. அதை மாற்றாமல் எனக்கு லைசென்ஸுக்கு வண்டியை எடுத்துப் போக முடியாது. மாமனார் உட்கார்ந்து விண்ணப்பம் எழுதினார், இங்கிலீஷில், யாரையும் கேட்காமல். ஆபீஸில் அந்தச் சின்னப் பையன் அதைப் படித்துவிட்டு எழுந்து நின்று அவருக்கு நாற்காலி போட்டானாம். அதை அவர் எங்களிடம் மூன்று நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

டிரைவிங் பரீட்சை வைத்த அதிகாரி என் பக்கத்தில் உட்கார்ந்து, கொஞ்சம் மிதித்ததுமே டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டார். திரும்பி வந்ததும் கேள்வி எதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

நாத்தனார் முதல் லீவுக்கு வந்தபோது நாலு பேருமாகக் கடற்கரைக்குப் போனோம். நான் ஓட்டினேன். முன் சீட்டு மாமனாருக்கு. பின்னால் அண்ணனும் தங்கையும் முழங்காலை மடக்கிக்கொண்டு இடத்துக்குச் சண்டை போட்டார்கள். பாதி வழியில் இவர் காதைத் தீட்டிக்கொண்டு, மூன்றாவது சிலிண்டரில் ஏதோ சத்தம் வித்தியாசமாகக் கேட்கிறது, நிறுத்திப் பார்க்கலாம் என்றார். வேறு யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, நானும் நிறுத்தவில்லை. காற்று நன்றாக வந்துகொண்டிருந்தது.